பதினாறு நாள் பத்தியம்

செயின்ட்-மிஷேல்,
மொன்றியல்.
08.05.2025

அன்பு மகள் தாட்சாயினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் சின்னவனும் மெல்பேணில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் விளக்கேற்றிக் கேட்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், படுக்கிறேன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நீ விமானம் ஏறிய பிறகு வாசலில் கிடந்த பனியும் கரைந்துவிட்டது. கீழ்வீட்டு றோசா இரண்டு தரம் சூப் கொண்டுவந்தாள், அதில் உப்பே இல்லை, பாவம் என்று வாங்கிக் குடித்தேன். கிழமைக்குக் கிழமை போனில் கதைக்கிற அம்மாவுக்குக் கடிதம் எதற்கென்று யோசிப்பாய். மூன்று ஞாயிறு இதைச் சொல்ல வாயெடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றியும் மரக்கறி விலையைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.

சீன வைத்தியர் மேல் முறைப்பாடு எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னாய், மிச்சமிருக்கிற மருந்துப் பொட்டலத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாய். "அந்தாளின்ரை கடையைப் பூட்ட வைக்காமல் விடமாட்டன் அம்மா" என்று நீ அழுதது காதிலேயே நிற்கிறது. பிள்ளை, அந்த முறைப்பாட்டை அனுப்பாதே. ஏனென்று எழுதுகிறேன், கோபம் வந்தாலும் கடைசிவரை வாசி.

துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடம் பெட்டி தூக்கின முழங்கால் அப்பாவுடையது, உனக்குத் தெரியும். இந்த மாசிக் குளிருக்கு இரண்டும் வீங்கிச் சிவந்துபோய், கட்டிலில் இருந்து கழிவறைக்குப் போகவே என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று இரத்தம் கட்டியாகாமல் இருக்கிற குளிசை போடுகிறவருக்கு நோக்குளிசை கூடாது என்று டாக்டர் மறுத்துப் பூச்சு மருந்து மட்டும் தந்தார். அதைப் பூசிப் பூசி என் கைதான் வழுவழுப்பாக வந்தது. என்னோடு வேலை செய்கிற ஜென்சிதான் தன் தாய்க்கு இடுப்பு நாரி நோ சுகமானதென்று சீனக் கடைத்தெருவில் இந்த வைத்தியரைச் சொன்னாள். அப்பா நடக்க மாட்டார் என்று முதலில் நான்தான் தனியப் போனேன், போனில் எடுத்த முழங்கால் படத்தைக் காட்டினேன். குளிரும் ஈரமும் மூட்டுக்குள் இறங்கிவிட்டது என்றார் அந்த மனிதர். ஊரில் பரியாரியார் சொல்வதையே பிரெஞ்சில் சொல்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. அவர் தராசில் நிறுத்துப்போட்ட சாமானில் கறுவாவும் அதிமதுரமும் வேர்க்கொம்பும் கண்டேன், மற்ற வேரும் பட்டையும் தெரியாது. மண்சட்டியில்தான் அவிக்க வேண்டும் என்றும் சொன்னார். அதோடு நான் இது எங்கள் கசாயம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

கசாயம் குடித்தால் பத்தியம் காக்க வேண்டும், இங்கிலீஷ் மருந்தைத் தொடக்கூடாது, இரண்டையும் கலந்தால் ஒன்றும் கேட்காது என்றுதான் நான் வளர்ந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் கடைக்குப் போன அன்று காலையே அப்பாவின் குளிசையை நிறுத்திவிட்டேன் தாட்சா. அந்த வைத்தியர் பொட்டலம் கட்டுமுன், உங்கள் கணவர் வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா, இதயத்துக்கு, இரத்தத்துக்கு ஏதாவது என்று இரண்டு தரம் நிறுத்தி நிதானமாகக் கேட்டார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இல்லை என்று சொன்னேன். பொய் சொல்கிறேன் என்று நினைக்கவில்லை, அன்று காலை நிறுத்தியாயிற்றே, உடம்பைச் சுத்தமாக அவர் கையில் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. "ஏனப்பா அதை நிப்பாட்டுறீர், பிள்ளை அறிஞ்சால் பேசுவாள்" என்றார். "கசாயம் முடியட்டும், பேந்து போடலாம்" என்றேன். "சரி, நீர் சொன்னால் சரி" என்றுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தார். புளி இல்லை, மீன் இல்லை, கத்தரிக்காய் இல்லை, ஆஸ்பத்திரிச் சாப்பாடு இதைவிட நல்லது என்று பகிடி விட்டுக்கொண்டே சாப்பிட்டார். நாலாம் நாள் வீக்கம் வற்றியது. பத்தாம் நாள் தானே வெளிப்படியிறங்கி மூலையில் இருக்கிற தெப்பனர் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். வந்து சப்பாத்துக் கழற்றக் குனிந்தவர், குனிய முடிகிறதே என்று நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்த பெருமையை என்னவென்று எழுத. நீ வீடியோவில் வரும்போதெல்லாம் "அப்பா, குளிசை போட்டாச்சா" என்று கேட்பாய், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஓம் ஓம்" என்பார். உனக்கு ஒரு நாளும் பொய் சொல்லாத மனிதன் என்னைப் பேச்சு வாங்க விடக்கூடாதென்று உனக்குப் பொய் சொன்னார்.

பதினாறாம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் விழுந்தார். இதயத்தில் இருந்து ஒரு இரத்தக்கட்டி தலைக்குப் போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், கசாயத்தைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். பிறகு குளிசை ஒழுங்காகப் போட்டவரா என்று கேட்டார்கள். நீ அப்போது போனில் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு நாளும் விட்டதில்லை என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் கசாயம் குளிசையின் வேலையைக் கெடுத்துவிட்டது என்று நீ நம்பினாய். எட்டு நாள் அவர் கண்ணைத் திறக்காமல் கிடந்தபோதும் சொல்லவில்லை, நீ வந்து அவர் காலைப் பிடித்து அழுதபோதும் சொல்லவில்லை. மருந்துக்கடை அட்டையிலிருந்து நாளுக்கு ஒன்றாக நான் பிதுக்கி எடுத்த பதினாறு குளிசையும் ஒரு பழைய மா டின்னுக்குள் இருக்கிறது. நீ கேட்ட படத்துக்குப் பதிலாக அதைப் படமெடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய் அந்தக் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, ஐயா எப்படி நடக்கிறார் என்று கேட்டார். இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அந்த வயதான மனிதர் மேசையைச் சுற்றி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்லப் போனவள் அங்கேயும் சொல்லாமல் திரும்பி வந்தேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நாளைக்கே அவரிடம் போய்ச் சொல்வேன். ஆஸ்பத்திரி டாக்டருக்கும் சொல்வேன். முறைப்பாடு அனுப்பாமல் உன் மனம் ஆறாது என்றால், அவர் பெயரை வெட்டிவிட்டு விமலநாதன் மனைவி சிவநேசம் என்று என் பெயரை எழுது. என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இது கிடைத்த பிறகு ஞாயிறு நீ போன் எடுக்காவிட்டால் அது ஏனென்று எனக்குத் தெரியும், அதற்காக நீ கவலைப்படாதே.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ நல்லூர்க் கந்தன் துணையிருக்கட்டும். மறக்காமல் ஒன்று. உனக்குத் தைரொயிட்டுக்குத் தந்த குளிசையை ஒரு நாளும் விடாதே. ஆர் சொன்னாலும் விடாதே. நான் சொன்னாலும் விடாதே.

இப்படிக்கு,
அம்மா
சிவநேசம்