அத்தர் பூசிய ஈக்கள்

பாலிக் புலாவ்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஹஸ்னிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லா காப்பில் நான் நடமாடிக்கிட்டு இருக்கேன், முட்டிவலியும் கூடவே நடமாடுது. அந்த ஹாலந்துக் குளிரில் நீ காதை மூடிக்கிட்டு வெளியே போறியா இல்லையா, அதை முதலில் எழுது.

தோட்டத்துச் சேதி கேட்டிருந்தே. இந்த முறை நட்சத்திரப்பழம் பாதிக்குப் பாதி புழு. பிஞ்சுக்கெல்லாம் காகித உறை மாட்ட என்னால் முடியலை, பக்கத்துத் தோட்டத்து ஸம்ரி மாமா ஈப்பொறி கட்டித் தரேன்னு வந்தார். பஞ்சில் வாசனைத் தைலம் நனைச்சு, புட்டியில் போட்டு, மரத்துக்கு மரம் தொங்கவிட்டார். அதில் கலக்கவேண்டிய விஷமருந்தை மட்டும் மறந்துட்டார் அந்த மகராசன்! ஆண் ஈயெல்லாம் கூட்டமா வந்து நக்கிட்டு, சாகாம ஜம்முனு பறந்து போச்சு. அந்த வாசனையைத் தின்ன ஆணைத்தான் பெண் ஈ தேடிப் போகும், பிறகு பழத்தில் முட்டை வைக்கும், உனக்கு நான் சொல்லணுமா. ஊரில் உள்ள மாப்பிள்ளைக்கெல்லாம் ஓசியில் அத்தர் பூசி அனுப்பிட்டீங்களேன்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சிரிச்சார்.

திட்டி முடிச்சதும் உன் அப்பா ஞாபகம் வந்துட்டுது. அது அவர் பேச்சுதானே. பின்பக்கத்து டுரியான் மரத்தில் ஒட்டி வளர்ற ஆர்க்கிட் பூத்ததும் காலையிலேயே உன்னைத் தோளில் தூக்கிக்கிட்டுப் போவார். இதே ஆண் ஈ வந்து வாசனையை நக்க நக்க, பூவோட உதடு சாய்ஞ்சு அதை உள்ளே தள்ளி, முதுகில் மகரந்தத்தை ஒட்டி அனுப்பும். மாப்பிள்ளை அத்தர் வாங்க வந்தான், சுமை தூக்கிக்கிட்டுப் போறான் பாருன்னு சொல்வார், நீ கெக்கெக்கேன்னு சிரிப்பே. அன்னைக்குச் சாயந்திரம் மஃரிப் தொழுகைக்கு வீடு திரும்பும்போது சட்டைப்பையில் ஒரு பூ இருக்கும், எனக்கு. அவர் போனதுக்கு அப்புறமும், அந்த வாசம் வந்தால் திரும்பிப் பார்க்கிறேன் கண்ணு.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். திட்டு வாங்கின மறுவாரம் ஸம்ரி மாமா தன் அக்காவைக் கூட்டிக்கிட்டு வந்தார். ஆள் படியேறும் முன்னாடியே அத்தர் வாசம் ஏறிடுச்சு, எனக்குச் சிரிப்பை அடக்கமுடியலை. அந்த அக்கா தம்பிக்குப் பெண் கேட்டாங்க, என்னைத்தான்! அவர் மனைவி போய் நாலு வருஷமாச்சு. இந்த வயசில் என்ன கூத்துன்னு நீ நினைப்பே, எனக்கும் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா சாயந்திரமானா வீட்டில் பேச ஆளில்லை, ஹஸ்னி. என் மகள் சரின்னு சொல்லாம வாய் திறக்கமாட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

அவங்க போனதும் புட்டியெல்லாம் அவிழ்க்கப் போனேன். எல்லா மரத்திலும் இருந்தது, டுரியான் மரத்துப் பக்கம் மட்டும் ஒன்னுகூட இல்லை. அங்கேயும் மறந்துட்டீங்களான்னு மறுநாள் வேலியோரம் கேட்டேன். மறக்கலை, அது உங்க வீட்டுக்காரரோட பூ, அதுக்கு வர்ற ஈயை நான் ஏன் இழுக்கணும்னார். நான் அழுதுட்டேன்.

அல்லா உனக்கு நல்ல உடம்பும் நிம்மதியும் தரட்டும். காதை மூடிக்கோ. சரியோ இல்லையோ, போனில் சொல்லாதே, எழுதிப் போடு. இன்னைக்குக் காலையில் பூ பூத்திருக்கு, ஈயும் வந்திருக்கு. நானும் ஸம்ரி மாமாவும் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்னு பார்த்தோம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா