திருத்தாத ஸட்ஜம்

மயிலாப்பூர்,
நவம்பர் 9

அன்புள்ள வத்ஸலா அக்காவுக்கு,

சுகந்தி நமஸ்காரத்துடன் எழுதுவது. இங்கே மழை. நீயும் அத்திம்பேரும் மெல்போர்னில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"அத வெளியிடாதடி, நம்ம பேரக் கெடுக்காத" என்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பாட்டை வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிட்டேன்.

நடந்ததைக் கேள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து மாதம் எனக்குக் குரலே இல்லை. திரும்பி வந்தபோது மேல் ஸட்ஜத்தில் பிளந்துகொண்டு வந்தது. சாலிகிராமத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெர்லின்தான், "சும்மா பாடிப் பாருங்கக்கா, பிடிக்கலன்னா அழிச்சிடலாம்" என்று கூப்பிட்டாள். அப்பா கட்டிய முகாரிப் பல்லவியைப் பாடினேன். தம்புராவுக்கு அடியில் செல்லோ என்கிற பெரிய வயலின், கம்ப்யூட்டரில் செய்த ஆழமான ஓர் அதிர்வு, மிருதங்கம் எங்கோ தூரத்தில். முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் முகாரி முகாரியாகவே இருந்தது அக்கா. ஒரு கமகத்தைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் குரல் பிளந்தது. "ரெண்டு நிமிஷம் குடுங்கக்கா, அந்த ஸட்ஜத்த நேராக்கிடறேன். ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் ஜெர்லின். எனக்குத் தெரியுமே என்றேன். "சரி, நான் கை வெக்கல. திட்டு வந்தா பாதி உங்களுக்கு" என்று சிரித்தாள்.

முழுசும் எனக்கே வந்தது. வெளிவரும் முன்பே எப்படியோ கேட்டுவிட்டு, சபா செயலாளர் கூப்பிட்டனுப்பினார். "டிசம்பர் கச்சேரி வேணும்னா இத நிறுத்துங்கம்மா. மெஷின் சத்தம் ஒரு பக்கம், உடஞ்ச குரல் ஒரு பக்கம். உங்கக்கா இங்க இருந்தா விட்டிருப்பாங்களா?" என்றார். உனக்கும் அவர்தான் சேதி அனுப்பியிருக்க வேண்டும்.

இருபத்தாறு வருஷம் அந்த மேடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவள் நான். "உடஞ்சாலும் என் தொண்டை சார். கச்சேரிய வேற யாருக்காவது குடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். டிசம்பரில் அந்த நாள் வந்தால் என்ன செய்வேனோ தெரியவில்லை. ஆனாலும் போய்க் கேட்க மாட்டேன்.

உன் பேருக்கு ஒன்றும் வரவில்லை. அட்டையில் 'சகோதரிகள்' என்று போடவில்லை. சுகந்தி என்று மட்டும்தான். போடும்போது கை கூசியது.

இன்னொன்று. பல்லவியை என்னிடமிருந்து நீ வாங்கிப் பாடும் இடத்தில் என் குரலையே இன்னொன்றாக வைத்துவிடலாம் என்றாள் ஜெர்லின். வேண்டாம், அது அக்கா இடம் என்றேன். அங்கே இரண்டு ஆவர்த்தனம், தாளம் இரண்டு சுற்று முடியும்வரை, தம்புராவும் மிருதங்கமும் மட்டும் போகின்றன.

பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒருமுறை கேள். திட்டுவதென்றால் அப்புறம் திட்டு. அந்த இரண்டு ஆவர்த்தனம் வரும்போது மட்டும் சும்மா இருந்துவிடாதே அக்கா.

உன்,
சுகந்தி