மூன்று இருபத்தைந்து வரை

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு பேரைக் கொன்றேன். இரண்டு பேர் தப்பிவிட்டார்கள். ஒற்றைக்கண்ணனிடம் மறுபடியும் செத்தேன். ஒன்பதாவது நாள். அவன் சுத்தியலை ஓங்கும்போது இடப்பக்கம் உருள வேண்டும். தெரியும். தெரிந்தும் வலப்பக்கம்தான் உருளுகிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

கன்ட்ரோலரைக் கீழே வைத்தபோது மணி மூன்று இருபத்தைந்து.

காலை ஐந்திலிருந்து ஒன்றேகால் வரை இறைச்சி ஃபேக்டரி, எலும்பு பிரிக்கிற மேசை. இரண்டு மணிக்கு வீடு. அப்போது என் வீட்டுக்காரர் டயர் கடை வேலைக்குக் கிளம்புவார். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வோம், அதுதான் எங்கள் தாம்பத்தியம். குளித்து, கொழுப்பு வாடையைத் தேய்த்துக் கழுவ இருபது நிமிடம். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு மூன்றரைக்கு வருவாள். இடையில் ஒரு மணி ஐந்து நிமிடம். அது என்னுடையது. எவனுக்கும் தர மாட்டேன்.

ஏன் என்று எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பாப்பாவுக்கு ஏழு வயது. ஷூவைக் காணோம் என்று மூன்றாவது தடவை வந்து சொன்னாள். அறைந்தேன். அதற்கப்புறம் மூன்று நாள், யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்பி மற்றக் காதால் கேட்டாள். டாக்டர், "விழுந்துட்டாளா?" என்றார். "ஆமா" என்றேன். அடுத்த வாரம் வீட்டுக்காரர் இந்த கேம் பெட்டியை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து டிவியில் மாட்டினார். "அடிக்கணும்போல இருந்தா இதுக்குள்ள அடி. வெளிய வேணாம்."

அன்றிலிருந்து அவள்மேல் என் கை விழவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் காரணம்.

மார்ச் 6, வியாழன்

இடப்பக்கம் உருண்டேன். தூணில் முட்டிச் செத்தேன். நாசமாப் போக.

மார்ச் 10, திங்கள்

சூப்பர்வைசர் ஸ்டூல்மேல் ஏறி நின்று அறிவித்தான். நாளையிலிருந்து இறைச்சி தொங்கி வருகிற சங்கிலி வேகமாக ஓடும், ஷிப்ட் இரண்டு மணி வரை. "எல்லாரும் குடும்பம் மாதிரி ஒத்துழைக்கணும்." குடும்பமாம். என் கையில் கத்தி இருக்கிறது என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டே முக்காலுக்கு வீடு. குளித்து முடிக்க மூன்று ஐந்து. மிச்சம் இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் கோட்டை வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

எனக்கு முன் மேசையில் ஆமை. பேருக்கேற்ற ஆள். அவன் விடுகிற தொடையெல்லாம் சங்கிலியில் தொங்கிக்கொண்டு என்னிடம் வரும். இன்று நான்கு வந்தது. "உன் பங்கையும் சேத்து நானே அறுக்கணுமாடா?" என்று ஒரு முட்டி எலும்பை எடுத்து வீசினேன். காது மடலில் பட்டு ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு, "உனக்கு என்னக்கா ஆச்சு, காலைல நல்லாத்தானே இருந்தே?" என்றான். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

மூன்று ஐந்துக்கு டிவியைப் போட்டால், அப்டேட்! முப்பத்திநாலு நிமிடம் ஆகும் என்று போட்டு ஒரு கோடு நகர்கிறது. நகர்கிறதா அது? நத்தைக்குக் காலில் ஆணி குத்தியதுபோல. மூன்று இருபதுக்கு எழுந்து அலமாரிக் கதவை எட்டி உதைத்தேன். பலகை உடைந்து கால் உள்ளே போய்விட்டது. எடுக்க முடியவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, அந்த கேமைச் செய்தவனின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுத் திட்டினேன்.

பாப்பா வந்து ஓட்டையைப் பார்த்தாள். "எலியாம்மா?"

"ஆமாடி. பெரிய எலி."

சிரித்தாள். ஆனால் சாயங்காலம் முழுக்கத் தன் அறையிலேயே இருந்து படித்தாள். அந்த ஓட்டை எலி போட்டது இல்லை என்று ஒன்பது வயதுக்குத் தெரியாதா?

மார்ச் 14, வெள்ளி

பாப்பா தண்ணீரைக் கொட்டினாள். என் கை தோள் வரைக்கும் எழும்பிவிட்டது. எழும்பின கையால் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டேன். அவள் பார்க்கவில்லை. பார்த்தாளோ?

அவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை நாள் பூரா விளையாடு, நான் பாத்துக்கறேன்" என்றார். "பசி தினமும் வருதுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் தின்னா போதுமா?" என்றேன். தலையைச் சொறிந்தார். பாவம், அவரும் என்ன செய்வார்.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒன்பதரைக்கு டீ இடைவேளை, பதினைந்து நிமிடம். போனில் ஒரு சண்டை கேம் இறக்கியாயிற்று. சின்னதுதான். ஆனால் குத்தலாம்.

மார்ச் 17, திங்கள்

லாக்கர் அறையின் மூலையில் உட்கார்ந்து ஆறு பேரைக் குத்தினேன். திரும்பி வந்தபோது ஆமையைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடிந்தது. ஆமை பயந்துவிட்டான்.

மார்ச் 18, செவ்வாய்

நல்லவேளை, நான் எழுதுவது வலது கையால். இடது கை மூட்டை மாதிரி மடியில் கிடக்கிறது.

எங்கள் மேசையில் எல்லோருக்கும் இடது கையில் இரும்பு வலை கிளவுஸ். அதன்மேல் நீல ரப்பர். மேலே நீலம் தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம், யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரும்போடு போனை அமுக்கினால் போனுக்கு உறைக்காது. அதனால் இரண்டையும் கழற்றி லாக்கர்மேல் வைத்தேன். கடைசி ஆள் சாகிற நேரத்தில் மணி அடித்தது. கொன்றுவிட்டுத்தான் எழுந்தேன். நீலத்தை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கத்தி வழுக்கும், அது தினமும் நடப்பதுதான். வழுக்கினால் இரும்பில் பட்டு கிரீச் என்று ஒரு சத்தம் வரும். இன்று சத்தமே வரவில்லை. எங்கே போச்சு கத்தி என்று பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்கைக்குள் நிற்கிறது. முதலில் வலிகூட இல்லை. ரப்பருக்குள் ரத்தம் நிறைந்து, கிளவுஸ் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. ஆமைதான் சங்கிலியை நிறுத்தினான். அவ்வளவு வேகமாக அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஒன்பது தையல். நான்கு வாரம் கத்தியைத் தொடக் கூடாது. சூப்பர்வைசர், "கிளவுஸ் எங்கேம்மா?" என்று கேட்டான். என்னத்தைச் சொல்ல? கேம் விளையாடினேன் என்றா? முப்பத்தெட்டு வயசில்?

"மறந்துட்டேன்" என்றேன்.

மார்ச் 20, வியாழன்

காலை எட்டிலிருந்து மூன்றரை வரை வீட்டில் யாருமில்லாத சோஃபா. அவருக்கு இந்த இரண்டு வாரமும் காலை ஷிப்ட். ஏழரை மணி நேரம்! ஒரு கைதான் இல்லை. கன்ட்ரோலரை முழங்காலுக்கிடையில் செருகி, முகவாயால் அமுக்கிப் பார்த்தேன். ஒற்றைக்கண்ணன் வந்து நிதானமாக, அவசரமே இல்லாமல், என்னை நசுக்கினான். கன்ட்ரோலரைச் சுவரில் அடிக்க ஓங்கினேன். அடிக்கவில்லை. தலையணையைக் கடித்தேன். உறை கிழிந்துவிட்டது.

மார்ச் 24, திங்கள்

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

பாப்பா பையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் உன் இடது கைம்மா. நான் நடக்கறேன், நீ அடி." கன்ட்ரோலரின் அந்தக் காது அவள் கையில், இந்தக் காது என் கையில். முதலில் நேராகக் குளத்துக்குள் இறக்கினாள். பிறகு படியில் உருட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். நான்காவது தடவை வாசலைத் தாண்டினோம். அவள் ஓட்ட, நான் வெட்ட, ஏழு பேர் விழுந்தார்கள். "அம்மா, அவன் தலை! அவன் தலை!" என்று கத்துகிறாள். என் ரத்தம்தான், சந்தேகமில்லை.

இத்தனை நாள் இவளிடமிருந்து ஒளித்து ஒளித்து நேரம் தேடினேனே. இவளோடு விளையாடலாம் என்று ஏன் தோன்றவில்லை?

மார்ச் 26, புதன்

ஒற்றைக்கண்ணனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. நாளைக்கு முடித்துவிடுவோம்.

மார்ச் 27, வியாழன்

அடிச்சுட்டேன்.

இன்னும் ஒரே அடிதான் பாக்கி. ஒண்ணே ஒண்ணு. அவன் சுத்தியலை ஓங்கினான். "இடப்பக்கம்! இடப்பக்கம்டி!"ன்னு கத்தினேன். அவ வலப்பக்கம் உருட்டினா. நான் எத்தனை நாள் உருண்ட அதே வலப்பக்கம். திரை சிவப்பாச்சு. அப்புறம் என் கை... நான் ஓங்கவே இல்ல, ஓங்கின ஞாபகமே இல்ல. அதே காது. சோஃபாலேர்ந்து கீழ போனா. மேசை முனை நெத்தியில பட்டுச்சு. ரத்தம் புருவத்துல இறங்குது, அவ அழல. கன்ட்ரோலரைக் கையில பிடிச்சுட்டே உட்கார்ந்திருந்தா. "சாரிம்மா, திரும்ப ஆரம்பிக்கலாம்"னா.

திரும்ப ஆரம்பிக்கலாமாம். எம் புள்ள சொல்றா.

நாலரைக்கு அவர் வந்தார். நெத்தியைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே, "விழுந்துட்டேம்பா"ன்னுட்டா. நான் சொல்லிக் கொடுக்கல. எங்கேர்ந்து கத்துக்கிட்டா? டாக்டர் ரூம்ல அன்னைக்கு அவளும்தானே உட்கார்ந்திருந்தா. ஒரு காதுல கேட்டுக்கிட்டு.

"விழல. நான்தான் அடிச்சேன். அன்னைக்கும் நான்தான் அடிச்சேன்"னேன்.

அவர் அவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னை வான்னு கூப்பிடல.

மார்ச் 28, வெள்ளி

மூன்று தையல். என்னைவிட ஆறு குறைச்சல். இப்படிக் கணக்குப் போடுகிற நானும் ஒரு தாய்.

மார்ச் 31, திங்கள்

கேமைத் தூக்கிப் போடப் போனேன். அவர் தடுத்தார். "அது மேல ஏன் பழியைப் போடற? பொட்டி அடிக்கல, நீ அடிச்சே." மூன்று நாளுக்குப் பிறகு என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பிறகு உட்காரவைத்து ஒன்று சொன்னார். பாப்பா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் நின்றே கேட்க வேண்டும், அம்மா இன்று எப்படி இருக்கிறாய் என்று. நான் உள்ளதைச் சொல்ல வேண்டும். சரியில்லை என்றால் அவள் உள்ளே வராமல் கீழ்வீட்டுத் தையல்காரக்காவிடம் போய்விடுவாள். அக்காவிடம் பேசிவிட்டாராம். "ஒரே ஒரு தடவை பொய் சொன்னேன்னு தெரிஞ்சாலும் நான் அவளைக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். போவார். எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

கேட்டாள். நல்லா இருக்கேன் என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தேன். இருந்தும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் ஷூவைக் கழற்றினாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வேலைக்குத் திரும்பி முதல் நாள். சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் என் கிளவுஸை அமுக்கிப் பார்த்தான், இரும்பு இருக்கிறதா என்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சங்கிலி இன்னும் வேகம். ஆமைக்குப் பதில் புது ஆள், ஆமையைவிட மோசம். பதினோரு தொடை. கை விண்விண்ணென்று தெறிக்கிறது. பஸ்ஸில் ஒருத்தி காலை மிதித்தாள், அவள் கொண்டையைப் பிடித்து ஜன்னலில் மோதத் தோன்றியது. எத்தனை தடவை மோதுவேன் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

மூன்று ஐந்துக்கு டிவி முன்னால் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் இருந்தது. இரண்டு கையும் இருந்தது. போடவில்லை. போட்டால் தணியுமா, ஏறுமா? இத்தனை வருடம் விளையாடியும் அது எனக்குத் தெரியவில்லை.

மூன்றரைக்குக் கதவு திறந்தது. "அம்மா, இன்னைக்கு எப்படி இருக்கே?"

நல்லா இருக்கேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சரியில்லடி."

"சரிம்மா" என்றாள். பையோடு திரும்பி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு கீழே இறங்கினாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மூஞ்சியைக் கழுவிக்கொண்டு, ஐந்து மணிக்கு நானே கூப்பிடப் போனேன். அக்கா தைக்கிற இடத்துக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "இப்ப?" என்று கேட்டாள். "இப்ப பரவால்ல" என்றேன். அதுவும் உண்மைதான்.

படியேறும்போது வலது கையை நீட்டினேன். அவள் என் பின்னால் சுற்றி வந்து, தையல் போட்ட இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.