வெண்டல் லைசென்ஸ் வாங்காத வருடம்

செப்டம்பர் 9, செவ்வாய்

தக்காளியை ஜாடியில் அடைப்பது இன்றோடு முடிந்தது. பதினெட்டு ஜாடி, இரண்டு மூடி பிடிக்கவில்லை, அவற்றை இந்த வாரமே தீர்த்துவிட வேண்டும்.

அடுப்பில் கடைசிச் சுற்று கொதிக்கும்போது போன். கருத்துக் கணிப்பாம். சின்னப் பெண் குரல். மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் ஒரு சட்டம் பேசுகிறார்களே, ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று குடும்பத்தாரே நீதிபதியிடம் சொன்னால் அவருடைய துப்பாக்கிகளைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்து வைப்பது, அதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா, கருத்து இல்லையா?

"எதிர்க்கிறேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? இந்த மலையில் யாரைக் கேட்டாலும் அதுதான் பதில்.

வீட்டில் துப்பாக்கி உண்டா? உண்டு. வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா? ஆமாம்.

அந்தக் கடைசிப் பதிலைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் வெண்டல் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தார். காலையில் உட்கார்ந்த அதே நாற்காலி. காபி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கெஸ்லர் அந்தச் சட்டத்துக்கு எதிரான மனுவைக் கூடத்து மேசையில் வைத்தார். அர்லீன் பேனாவோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "கையெழுத்து போடாம ஒருத்தருக்கும் கேக் கிடையாது!"

அவள் வீட்டுக்காரர் மெர்ல் தன் பங்குக்கு, "எங்க அப்பா துப்பாக்கியை எடுக்க ஜட்ஜ் வரட்டும். முதல்ல அர்லீனைத் தாண்டி வரணும் பாவம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கையெழுத்தும் போட்டேன்.

வெண்டல் போடவில்லை. வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல எனக்கு என்ன இருக்கு" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

பாத்திரம் கழுவும்போது திடீரென்று பட்டது. இந்த வருடம் டோனட் வரவில்லை.

ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் வேட்டை லைசென்ஸ் விற்கத் தொடங்கும் நாளில், இரும்புக் கடை திறக்கும் முன்பே வெண்டலும் மெர்லும் வாசலில் நிற்பார்கள். யார் முதல் என்று அவர்களுக்குள் ஒரு போட்டி. திரும்பும்போது வெண்டல் எதிர்க்கடை டோனட் பெட்டியோடு வருவார். கல்யாணம் ஆனதிலிருந்து தவறியதில்லை. எங்கள் மகள் ஜனீன் பிறந்த வாரத்தில்கூடப் போனார்.

இரவு உணவில் கேட்டேன். "மறந்துட்டேன்" என்றார்.

மறந்துவிட்டாராம். மான் வேட்டைப் பருவத்தை. இவர்!

மர அறுவை ஆலையில் தோள் நசுங்கியது ஜனவரியில். கை தலைக்கு மேல் தூக்க வரவில்லை. ஆலை வேறு ஆளை வைத்துக்கொண்டது. வலி குறைந்தால் பழையபடி ஆகிவிடுவார் என்று நானும் ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன். வலி குறைந்துவிட்டதே, கர்த்தாவே. அவர் இன்னும் வரவில்லையே.

செப்டம்பர் 21, ஞாயிறு

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஜனீன் பேசினாள். அப்பா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று நர்ஸ் குரலில் கேட்டுவிட்டு, "அம்மா, துப்பாக்கியெல்லாம் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? அலமாரியில."

"வீட்டை விட்டு வெளியே எடுத்துடும்மா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ உங்க அப்பாவைப் பத்திப் பேசுற. டிவில காட்டுறானே, ஆளுங்களைச் சுட்டவன், அவனைப் பத்தி இல்ல."

"நானும் அப்பாவைப் பத்தித்தான்மா பேசுறேன். துப்பாக்கிக் காயத்தோட எங்க வார்டுக்கு வர்றவங்களும் யாருக்கோ அப்பாதான். நல்லவங்கதான்."

போனை வைத்துவிட்டேன். பட்டணத்துக்குப் போனதும் பட்டணத்துப் பேச்சு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

மளிகைக் கடையில் மெர்ல், ஊருக்கே ஒரு கத்தியைக் காட்டிக்கொண்டிருந்தார். மான்கொம்புப் பிடி போட்டது. வெண்டலுடையது. "எத்தனை வருஷமாக் கேட்டேன் தெரியுமா? இப்பத்தான் மகராசனுக்கு மனசு வந்துச்சு!"

வாங்க வேண்டிய ஈஸ்ட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 4, சனி

தீயணைப்புக் கூடத்தில் வருடாந்தரத் துப்பாக்கிப் பரிசுக் குலுக்கல். எப்போதும் போல நாங்கள் பெண்கள் சமையலறையில்: பன்றித் தொடைக் கறி, பீன்ஸ், உருளைக்கிழங்கு. வரும் பணத்தில் தீயணைப்பு வண்டிக்குப் புதுக் குழாய். சீட்டுப் பீப்பாய் உருளும், பெயர் வாசிப்பார்கள், ஒருவர் துப்பாக்கியோடு இறங்குவார், கை தட்டுவார்கள்.

ஒரு லேசான ரைஃபிளுக்கு மெர்ல் பெயர் விழுந்தது. மேடை ஏறியவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது எனக்கு வேண்டாம். டேய் வெண்டல், எழுந்திரு! இது கனம் கம்மி, தோள்ல உதைக்கவும் உதைக்காது. நீ இல்லாம அந்த மலை எனக்குக் கசக்குதுடா. இதை எடுத்துட்டு வந்து சேரு."

கூடமே எழுந்து நின்றது. என் பக்கத்தில் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டாள். "எப்படிப்பட்ட சிநேகிதன் பாரு, வெர்னா!"

கரண்டி என் கையில். பீன்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

வெண்டல் எழுந்தார், வாங்கினார், "தேங்க்ஸ்" என்றார். துப்பாக்கிக் கடைக்காரர் தன் மேசையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பி, போனில் பெயரைச் சரிபார்த்து, எல்லாம் முறைப்படியே கொடுத்தார். படிவத்தில் நிறையக் கேள்வி. இந்த மனிதர் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டாரா என்று ஒரு கேள்வி இல்லை.

இத்தனை பேர் அன்பாகத்தானே செய்தார்கள். யார்மேல் நான் கோபப்படுவது?

அக்டோபர் 5, ஞாயிறு

துப்பாக்கி அலமாரிச் சாவி எப்போதும் பின்வாசல் ஆணியில் தொங்கும். இன்று இல்லை. அவர் சட்டைப் பையில் இருக்கிறது. குனியும்போது சத்தம் கேட்டது.

கோவிலுக்குப் போகவில்லை. அவரைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? மாவு பிசைந்தேன், துணி மடித்தேன், அவர் எந்த அறைக்குப் போனாலும் அந்த அறையில் எனக்கு ஒரு வேலை வந்தது. "என்ன என் பின்னாலயே சுத்துற?" என்றார். "தூசி" என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

அவர் தோள் பயிற்சிக்குப் போன நேரத்தில் பாஸ்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். டோனட்டைக்கூட.

"வெண்டல் விசுவாசத்துல உறுதியானவர், சிஸ்டர். அப்படிப்பட்ட எண்ணமெல்லாம் அவருக்கு வராது" என்றார். பிறகு தணிந்த குரலில், "ஆம்பளைகிட்டப் போய்த் துப்பாக்கியைக் குடுன்னு கேட்டா அவமானமா நினைப்பார்."

"புதைக்கிறது மட்டும் மரியாதையா, பாஸ்டர்?"

சொன்ன பிறகு என் காதே கூசியது. பாஸ்டரிடம் நான் இப்படிப் பேசியதே கிடையாது. அவருடைய முகம் வெளுத்தது. இருவரும் ஜெபித்தோம். அவர் மேசை ஓரத்தில் அந்த மனு, அனுப்பத் தயாராக, உறையில் இருந்தது. என் பெயரும் உள்ளே.

அக்டோபர் 7, செவ்வாய்

வெண்டல் கண் அயர்ந்த நேரத்தில் மெர்ல் வீட்டுக்கு ஓடினேன். கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். சுற்றி வளைக்கவில்லை. "எங்க வீட்டுத் துப்பாக்கி எல்லாத்தையும் உங்க வீட்டுல கொண்டுவந்து வைங்க" என்றேன்.

"அவனைக் கேக்காமலா? அது அவனோடது வெர்னா. அவங்க அப்பனோடதும் அதுல இருக்கு." கோடாலியை ஊன்றினார். "நீயும்தானே கையெழுத்துப் போட்ட? யாரும் வந்து எடுக்கக் கூடாதுன்னு."

"போட்டேன்."

"அப்புறம்?"

"அந்தக் கத்தியை ஏன் குடுத்தார்னு கேட்டீங்களா?"

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. கத்தி அங்கேதான் உறையில் இருந்தது.

"தூண்டிலையும் குடுத்தான்" என்றார். "போன வாரம் படகு மோட்டாரையும். வீட்டை ஒழிக்கிறான்னு நெனச்சேன்."

வெட்டிய கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "நான் போய் அவன் கையில ஒரு ரைஃபிளைக் குடுத்தேனே வெர்னா. ஊரையே எழுப்பி நிக்க வச்சுக் குடுத்தேனே."



அக்டோபர் 8, புதன்



காலை உணவுக்கு அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். மெர்ல் கதவைத் தட்டாமல் வந்து வெண்டலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"டேய். உன் துப்பாக்கியெல்லாம் கொஞ்ச நாளைக்கு என் இரும்புப் பெட்டியில இருக்கட்டும்."

வெண்டல் என்னைத்தான் பார்த்தார். "இவ சொன்னாளா?"

"சொன்னா. நான் ஒத்துக்கிட்டேன்."

"ஜட்ஜுக்குக் குடுக்க மாட்டோம்னு ஊரே கையெழுத்துப் போட்டீங்க. இப்ப நீ ஜட்ஜா?"

"நான் ஜட்ஜ் இல்லடா. சட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது." மெர்ல் கத்தியை உருவாமல், உறையோடு மேசையில் வைத்தார். "இதை நீ எனக்குக் குடுக்கல. வச்சிருக்கச் சொல்லியிருக்க. தூண்டில், மோட்டார், எல்லாமே அப்படித்தான். உன்னோடது ஒண்ணும் எனக்கு வேண்டாம்டா. நீ திரும்ப வந்து கேக்கிற வரைக்கும் வச்சிருக்கேன்."

அப்பம் கருகியது, நான் நகரவில்லை. நகர்ந்தால் ஏதாவது உடைந்துவிடும் போல இருந்தது.

வெண்டல் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். மெர்லும் எழுந்தார். நான் மெர்லைப் பார்த்தேன், மெர்ல் வெண்டலின் கையைப் பார்த்தார். அந்தக் கை சட்டைப் பைக்குப் போனது. சாவியை எடுத்தது. கதவைத் திறக்கவில்லை. அலமாரிக் கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

"களைப்பா இருக்கு மெர்ல்" என்றார். "ரொம்பக் களைப்பா இருக்கு."

"தெரியும்டா. சாவியைக் குடு."

கொடுத்தார்.

என் போர்வைகளில் சுற்றி வண்டியில் ஏற்றினோம். புது ரைஃபிள் கடைசியில். மெர்ல் அதைப் பாம்பைத் தூக்குவது போலத் தூக்கினார்.

அக்டோபர் 9, வியாழன்

என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பேசவில்லை. ஆனால் காபியைக் குடித்தார்.

அக்டோபர் 16, வியாழன்

ஜனீன் ஏற்பாடு செய்த டாக்டரிடம் அழைத்துப் போனேன். நான் ஓட்டினேன். பாதி வழியில், சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"டோனட் வரலையே."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

அர்லீன் வாயில் எது நின்றிருக்கிறது? கோவிலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வரிசையில் யாரும் உட்காரவில்லை. காபி மேசையில் ஒருத்தி என் காதுபடவே, "அரசாங்கம் எதுக்கு? பொண்டாட்டியே பிடுங்கிட்டாளே" என்றாள். வெண்டலுக்கும் கேட்டது. அவர் எனக்கு ஒரு துண்டு கேக் எடுத்துவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஆர்கன் வாசிக்கும் நெட்டி ஓடி வந்தாள். மனுவில் இரண்டாவது கையெழுத்து அவளுடையது. சுற்றிப் பார்த்துவிட்டு, "வெர்னாக்கா, மெர்ல் வீட்டுப் பெட்டியில இன்னும் இடம் இருக்குமா?" என்றாள். "எங்க பெரியவனுக்கு. கொஞ்ச நாளைக்குத்தான்."

நவம்பர் 11, செவ்வாய்

அதே கருத்துக் கணிப்புப் பெண். முன்பு பேசியவர்களிடமே மறுபடி கேட்கிறார்களாம். அதே கேள்வி.

"கொஞ்சம் நீளமாச் சொல்லலாமா?" என்றேன்.

"இல்லம்மா, மூணுல ஒண்ணுதான்."

அடுப்பை அணைத்தேன். முன்பின் தெரியாத போலீஸ்காரர் என் சமையலறைக்குள் வந்திருந்தால் வெண்டல் அந்தச் சாவியைக் கொடுத்திருப்பாரா? தெரியாது. வேறு மாதிரி முடிந்திருக்கலாம். அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது, அது முட்டாள்தனம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மெர்ல் முடியாது என்றிருந்தால்? நான் யாரிடம் போயிருப்பேன்? எல்லா வீட்டுக்கும் ஒரு மெர்ல் இல்லை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"ஆதரிக்கிறேன்" என்றேன். இந்த மலையில் சத்தமாகச் சொல்ல முடியாத வார்த்தை. மெதுவாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 29, சனி

மான் வேட்டைப் பருவம் தொடக்கம். மெர்ல் வந்து ஹாரன் அடித்தார். வெண்டல் போனது வேட்டைக்கு இல்லை, மலைக் குடிலில் சமைப்பதற்கு. என் பீன்ஸ் கறிச் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். மாலையில் வந்து, "உப்பு அதிகமாயிடுச்சு, மெர்ல் மூணு தட்டு சாப்பிட்டுத் திட்டினான்" என்றார்.

காலி அலமாரியில் தக்காளி ஜாடிகளை அடுக்கியிருக்கிறேன். பார்த்தார்.

ஜூன் 22, திங்கள்

விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. வண்டியும் இல்லை. செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். புல்லெல்லாம் பனி. எவ்வளவு நேரம் நின்றேனோ.

வண்டி திரும்பி வந்தது. இறங்கினார். "மெர்ல் எனக்கு முன்னாடியே வந்து நின்னுட்டான், பாவி" என்றார்.

லைசென்ஸைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். துப்பாக்கிகள் இன்னும் மெர்ல் வீட்டில்தான். இவர் கேட்கவில்லை.

டோனட் பெட்டி என் கையில் இன்னும் சூடாக இருந்தது.