இருபத்தொன்றாவது கையெழுத்து

ஜனவரி 9

நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்து மணிக்குத்தான் திறக்கிறார்கள், அதுவரை நடைதான். கம்பெனியை மூடியதும் கம்பெனி கொடுத்த அறையும் போய் ஒன்றரை மாதம்.

வீட்டுவசதி அலுவலகத்தில் இன்றும் இரண்டு மணி நேரம். முகவரிக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் செல்லாதாம். முகவரி இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? கவுன்டர் அக்கா நிமிரவே இல்லை. "இரவுக் காப்பகத்துல தொடர்ச்சியா இருபத்தோரு நாள் கையெழுத்து வேணும். அப்பதான் ரூம். ஒரு நாள் விட்டாலும் முதல்லேருந்து."

பதினான்கு ஆகிவிட்டது. இன்னும் ஏழு.

ஜனவரி 10

காப்பகக் கூடத்து கேஸ் ஹீட்டரில் சுடர் மஞ்சளாக எரிகிறது. நீலமாக எரிய வேண்டும். மேலே சுவரெல்லாம் கரி. மூன்று வருடம் இந்த மாதிரி ஹீட்டர்களைப் பழுது பார்த்துத்தான் சாப்பிட்டேன். ஹீட்டரைக் கம்பி வலைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி பொறுப்பாளரின் இடுப்பில்.

"ஒரு ஸ்பேனர் குடுங்க சார். அரைமணி நேர வேலை."

"நீ தூங்க வந்தியா, வேலைக்கு வந்தியா தம்பி? லைசென்ஸ் இருக்கா?"

லைசென்ஸ் கம்பெனி அலமாரியில். கம்பெனிக்கு சீல்.

ஜனவரி 11

காலையில் எல்லோருக்கும் தலைவலி. குளிர் என்கிறார்கள். குளிரால் வந்த தலைவலி, வெளியே குளிருக்குள் போனதும் ஏன் விட்டுவிடுகிறது?

ஜனவரி 12

சுவரில் உயரத்தில் ஒரு காற்றுத் துளை. அதில் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்றைச் சுருட்டித் திணித்திருக்கிறார்கள். பிடுங்கிப் போட்டேன்.

ஜனவரி 13

மறுபடி திணித்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் வேலை. தொப்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். குளிக்கும்போதும் தொப்பியைக் கழற்ற மாட்டாராம்.

"காத்து நேரா என் முதுகுல அடிக்குதுப்பா. உனக்கு வயசு இருக்கு, தாங்குவ."

"அடைச்சா ஹீட்டர் வாயு உள்ளயே தங்கிடும். வாசனையே தெரியாத விஷம். தூக்கத்துலயே ஆள் காலி."

"தூக்கத்துலயா? கொடுத்து வச்சிருக்கணுமே."

கூடமே சிரித்தது. நான் கத்தினேன். கத்தினால் யார் கேட்கிறார்கள்?

ஜனவரி 14

எரிவாயுப் பாதுகாப்புத் துறையின் எண் நூலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. அழைத்தால் அன்றைக்கே வந்து சீல் வைப்பார்கள். முப்பத்தெட்டுப் பேர் தெருவில். இந்த வாரம் முழுக்க மைனஸ் ஒன்பதாம்.

காப்பகத்தில் சமையல்காரர் ஒருவர் இருக்கிறார், ஹோட்டல் வேலை போனவர். காலையில் தேநீர் வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பதினெட்டு கையெழுத்து ஆச்சு தம்பி. கெடுத்துடாத. மூணு நாள் வாயை மூடிட்டு இரு."

எனக்குப் பத்தொன்பது. இன்னும் இரண்டு. இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்? — என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. அதுதான் வித்தியாசம்.

ரூம் கிடைத்த அன்றைக்கே அழைத்துவிடுகிறேன்.

ஜனவரி 15

இருபது.

நேற்று என் கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஹீட்டர் பக்கம் காலியான என் இடத்துக்குத் தொப்பி நகர்ந்துவிட்டார். "நல்ல மனசுப்பா உனக்கு" என்றார்.

ஜனவரி 16

காலை ஆறு இருபது. தொப்பி எழவில்லை. உலுக்கினேன். கண்ணைத் திறந்து, "பெரியவனே, பஸ்ஸு போயிடுச்சா?" என்றார். வாந்தி. அவர் முகத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

கையெழுத்து நோட்டை ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள்.

அந்த எண்ணுக்கு அழைத்தேன். அவரைக் கட்டிலோடு கதவுக்கு வெளியே இழுத்தேன்.

விஷவாயு மீட்டர் கொண்டுவந்த ஆள் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்து எல்லோரையும் ரோட்டுக்கு விரட்டினார். கதவுக்கு சீல். நோட்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது. யாரோ என் பையை எட்டி உதைத்தார்கள். சமையல்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அலுவலகத்தில்:

"இருபதுதானே இருக்கு?"

"காப்பகத்தையே மூடிட்டாங்கக்கா."

"புரியுது. ஆனா இருபதுதானே இருக்கு."

நாற்பது நிமிஷத்தில் ரூம் கைநழுவிப் போனதே என்று ரோட்டில் நின்று புலம்பினேன். நாற்பது நிமிஷமா? ரெண்டு நாளுடா. ரெண்டு நாள் முன்னாடியே போன் பண்ணியிருக்கணும். கட்டிலை நகர்த்தத் தெரிஞ்சுதுல்ல உனக்கு.

ஜனவரி 17

ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். என் பக்கத்தில் யாரும் கட்டில் போடவில்லை.

ஜனவரி 24

இங்கேயும் கேஸ் ஹீட்டர்தான். சுடர் நீலம். தினமும் பார்க்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தொப்பியைக் கொண்டுவந்து விட்டார்கள். நடக்கிறார். கைதான் நிற்காமல் ஆடுகிறது. காலையில் நோட்டில் பேனா ஓடவில்லை. விரலோடு சேர்த்துப் பிடித்துப் போட வைத்தேன். எனக்கு ஏழு, அவருக்கு ஒன்று.

"பெரியவனே" என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார். மகனாக இருக்கும். நான் திருத்தவில்லை.

"காத்து முதுகுல அடிக்குதுடா பெரியவனே" என்று ராத்திரியெல்லாம் முனகினார். இந்தக் கூடத்துக் காற்றுத் துளை திறந்துதான் இருந்தது. எழுந்து, துளைக்கும் அவருக்கும் நடுவில் என் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.