உறையைக் கழற்றியாயிற்று

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வராமல் கிளம்புகிறேன். பத்து மணிக்கு வரும் மெக்கானிக்கைக் கம்ப்யூட்டரில் கை வைக்க விடாதீர்கள். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டாதான் சரியாகும்" என்றாரே, அதற்கு வேலையே இல்லை. பாப்பா முதன்முதலாக நடந்த வீடியோ பத்திரமாக இருக்கிறது. பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கம்ப்யூட்டர் தானாக அணைந்ததற்கு வைரஸ் காரணமில்லை. தூசி படக் கூடாதென்று நீங்கள் மாட்டிய துணி உறைதான். ஓடும்போதும் அதைக் கழற்றாததால் பின்பக்க ஃபேனுக்குக் காற்றே போகவில்லை. பெட்டி இஸ்திரிப்பெட்டி மாதிரி சுட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனில் அடைந்த தூசியைப் பாப்பாவின் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். விடியற்காலையிலிருந்து ஓடுகிறது, ஒருமுறைகூட அணையவில்லை. வீடியோவைப் பென் டிரைவிலும் ஏற்றி, சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

"உன் தம்பி கேம் போட்டுக் கெடுத்துட்டான்" என்று நேற்று குதித்தீர்களே, அவனுக்கு ஒரு போன் போடுங்கள்.

பி.கு.: உறை உங்கள் அக்கா ஆசையாகத் தைத்துக் கொடுத்தது. என் தம்பியிடம் நீங்கள் பேசிவிட்டால், அண்ணியிடம் நான் மூச்சுவிட மாட்டேன்.