உன் கிட்டாருக்கு என் கை அளவு

இப்ராஹிமியா, அலெக்ஸாண்ட்ரியா
மார்ச் மாசம், திங்கட்கிழமை, கடை லீவு

என் செல்ல மகள் ராவியாவுக்கு,

அம்மா எழுதறேன். அல்லாஹ் கிருபையில நானும் உங்கப்பாவும் வழக்கம்போல சண்டை போட்டுக்கிட்டு சுகமா இருக்கோம், ரோட்டர்டாம் குளிர்ல நீயும் உன் இடது கையும் சுகமா இருக்கணும்னுதான் ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டுக்கிட்டிருக்கேன். தினமும் போன்ல பேசிக்கிட்டு இப்ப எதுக்கும்மா கடிதம்னு கேப்பே. போன்ல சொன்னா நீ நடுவுல புகுந்து பேசுவே, நான் அழுதுடுவேன், உங்கப்பா போனைப் பிடுங்கி வேற கதை ஆரம்பிச்சிடுவாரு. அதனால எழுதி உன் கிட்டார் பெட்டிக்குள்ளயே வெச்சிருக்கேன். இதை முழுசாப் படிக்காம கிட்டாரைத் தொடாதே. தொட்டுட்டியா? எனக்குத் தெரியும்டி உன்னை. கீழ வெச்சிட்டுப் படி.

முதல்ல வீட்டு சேதி. போன வாரம் அடிச்ச புயல்ல நம்ம சலூன் பலகை பிச்சுக்கிட்டு டிராம் பாதையில போய் விழுந்துடுச்சு, டிராம்காரன் வண்டியை நிறுத்திட்டு இறங்கி வந்து என்னைத் திட்டினான், நானும் விடலை. புதுப் பலகை எழுதக் குடுத்திருக்கேன். உங்கப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டின காலத்துல வீட்டுல இருந்ததே இல்லை, இப்ப ஓய்வு வாங்கின பிறகு வீட்டை விட்டுப் போறதே இல்லை, நான் பாத்திரம் அடுக்கினாக்கூட இடது பக்கம், இன்னும் கொஞ்சம் இறக்குன்னு கை காட்டறாரு. மாடி வீட்டு நாஹித் உன்னை ரொம்ப விசாரிச்சா. அவ தலைக்கு சாயம் போடறப்பல்லாம் உங்க குழுவோட பாட்டைத்தான் கடையில ஓட விடறேன், நடுவுல உன் கிட்டார் மட்டும் தனியா கேக்கற இடம் வந்தா ட்ரையரை நிறுத்திடுவேன், பாதி காய்ஞ்ச தலையோட எல்லாரும் உக்காந்து கேக்கணும். இது என் பொண்ணுன்னு சொல்லாம ஒருத்தியும் என் கடையை விட்டு வெளிய போனதில்லை.

சரி, விஷயத்துக்கு வரேன். கை மணிக்கட்டு வலியை என்கிட்ட மறைச்சு உங்கப்பாகிட்ட மட்டும் சொன்னியே, அது எனக்கு இன்னும் ஆறலை. மணிக்கட்டை மடக்கி வாசிச்சா இன்னும் ஒரு வருஷத்துல கை போயிடும்னு அங்க டாக்டர் சொன்னதும், மே மாசக் கச்சேரிகளுக்கு வேற ஆளைப் பாக்கலாமான்னு உங்க குழுவுல பேச்சு வந்ததும், இருக்கற பாஸ் கிட்டார் எதுவுமே உன் சின்னக் கைக்குச் சேரலைங்கறதும் எல்லாம் அவர் வாயிலேருந்து நான் புடுங்கி எடுத்ததுதான். உன் கைக்குன்னே ஒண்ணு செய்யச் சொல்லி அன்ஃபூஷியில கிட்டார் செய்யற உஸ்தா வஜீஹ்கிட்ட நீ கேட்டதையும், அந்த மனுஷன் முடியாதுன்னு சொன்னதையும் அப்பதான் சொன்னாரு. ஆளையே பாக்காம நான் கிட்டார் கழுத்து சீவறதில்லை, வந்து என் முன்னாடி உக்காந்து பிடிச்சுக் காட்டணும், படத்தைப் பார்த்து யாராவது செருப்பு தைப்பானான்னு கேட்டானாமே. நீயும் பாவம், உன் குடியிருப்புக் காகிதம் புதுப்பிக்கப் போயிருக்கு, இப்ப நாட்டை விட்டு வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. என்னப்பா செய்யறதுன்னு நீ அழுதியாமே. என் பொண்ணு அழுதான்னு கேட்டப்புறம் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

அடுத்த திங்கட்கிழமையே கிளம்பிட்டேன். படகு கட்டற இடத்துக்குப் பின்னாடி ஒரு சந்து, மீன் வாசனையும் வார்னிஷ் வாசனையும் கலந்து அடிக்குது, உள்ள நாப்பது வயசுல தாடிக்காரன் ஒருத்தன், முகத்துல சிரிப்புங்கறது மருந்துக்குக்கூட இல்லை. நான் ராவியாவோட அம்மா, அவ கைக்குப் பதிலா என் கையைக் கொண்டு வந்திருக்கேன், அளவெடுத்துக்கோன்னு நீட்டினேன். மதாம், இது வளையலான்னு கேட்டான். வளையலும் என் கைக்குப் போட்டுப் பார்த்துதான் அவளுக்கு வாங்கறேன், செருப்பும் என் காலுக்குப் போட்டுப் பார்த்துதான் வாங்கறேன், வெளிநாட்டுல பொண்ணு இருக்கற இந்த ஊர் அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் வாங்கறோம், இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை, இந்த சுண்டு விரலைப் பாரு, குட்டையா உள்பக்கமா வளைஞ்சு, அப்படியே அவளுக்கும் இதே விரல்தான், வேணும்னா அவளையே கேளுன்னேன். அவன் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்த ராவியா, பாஸ் கிட்டார் வாசிக்க வேண்டியவன் வராம என் சித்தப்பா மகன் கல்யாணத்துல எல்லாரும் முழிச்சப்ப பள்ளிக்கூடச் சட்டையோட மேடை ஏறி விடிய விடிய வாசிச்ச பொண்ணான்னு கேட்டான். அவளேதான்னேன். நீ வாசிச்சது ஊர்ல ஒரு தாடிக்காரனுக்கு இத்தனை வருஷம் ஞாபகம் இருக்குடி! எனக்கு அங்கேயே நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அப்ப உக்காருங்க மதாம்னு முக்காலியை இழுத்துப் போட்டான்.

அதுக்கப்புறம் திங்கட்கிழமைன்னா எனக்கு அன்ஃபூஷிதான். பாதி சீவின கழுத்தைக் கையில குடுப்பான், கண்ணை மூடிக்கிட்டுப் பிடிக்கணும், அவன் என் கட்டை விரல் எங்க உக்காருதுன்னு குனிஞ்சு பார்ப்பான், அந்த இடத்துல ரெண்டு சீவு சீவுவான், திரும்பக் குடுப்பான். சும்மா பிடிச்சா போதாது, அழுத்தி வாசிக்கணும்னு அதுல பழைய கம்பியை இழுத்துக் கட்டி உன் பாட்டுலேருந்தே ஒரு துண்டு சொல்லிக் குடுத்தான். என் விரல் நுனி காய்ச்சுப் போச்சு, தலை கழுவ வந்தவங்க எல்லாம் என்ன மதாம் விரல்ல கல்லு வெச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க. உடம்புப் பாகத்துக்கு மல்பெரி மரம், நீ கேட்ட மாதிரியே தேன் நிறம், மேல வேற பூச்சு இல்லை. எல்லாரும் நாலு கம்பியில வாசிக்கறாங்க, இவளுக்கு எதுக்கு அஞ்சுன்னு நான் கேட்டேன், கேக்காம இருப்பேனா? அவன் கடையில இருந்த ஒரு அஞ்சு கம்பி கிட்டாரை எடுத்து அந்தத் தடிச்ச கம்பியைத் தட்டினான். அந்த அதிர்வு முக்காலி வழியா என் முதுகுல ஏறிச்சு.

கழுத்து முடிஞ்ச அன்னிக்கு உங்கப்பாவும் வந்தாரு. கிட்டார் வாங்க வந்த பையன் ஒருத்தன் நல்லா வாசிக்கறவன், அவன் அதை எடுத்து ரெண்டு தடவை பிடிச்சுப் பார்த்துட்டு, என்ன உஸ்தா இது, ஒரு பக்கம் சப்பையா ஒரு பக்கம் புடைச்சு இருக்கு, கட்டை விரல் உக்காரவே மாட்டேங்குதேன்னான். வஜீஹ் கழுத்தை வாங்கி என் கையில குடுத்து, மதாம் எப்பவும் போல பிடிங்கன்னான். பிடிச்சேன். வஜீஹ் முகம் வெளுத்துப் போச்சு. இதுநாள் வரைக்கும் கட்டை விரல் எங்க உக்காருதுன்னு மட்டும் பார்த்து சீவிட்டேன், மொத்தப் பிடியைப் பாக்கலையே, இப்படி யாருமே பாஸ் பிடிக்க மாட்டாங்களே, எங்க கத்துக்கிட்டீங்கன்னான். எங்கயும் கத்துக்கலைப்பா, நான் ட்ரையர் பிடிக்கறது இப்படித்தான்னேன். எனக்கும் மணிக்கட்டு வலி பல வருஷமா உண்டே, உனக்குத் தெரியும். மடக்கினா சாயங்காலம் வரைக்கும் தாங்காது, அதனால கட்டை விரலை ஓரத்துல படுக்க வெச்சு மணிக்கட்டை நேரா வெச்சுப் பிடிச்சுப் பழகிட்டேன். கழுத்தையும் அதே பிடியிலதான் பிடிச்சிருக்கேன், அந்தப் பாவி மனுஷனும் என் பிடிக்குத் தகுந்த மாதிரியே சீவிட்டான். சீவின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா? அந்த மாதிரி மரம் அவன்கிட்ட இன்னொண்ணு இல்லை, வர வெச்சா மே மாசம் தாண்டிடும்.

உங்கப்பா வழி நெடுக டிராம்ல கத்திக்கிட்டே வந்தாரு. அந்தப் பிள்ளை பதினஞ்சு வயசுலேருந்து கண்ட கனவு, அதை ஹேர் ட்ரையர் ஆக்கிட்டியேடின்னு. வஜீஹ் கடையை அடைச்சிட்டான், போன் எடுக்கலை. நீ போன்ல எப்படிம்மா வருது என் கிட்டார்னு கேட்டப்பல்லாம் நல்லா வருதுன்னு சொன்னேனே, அந்த வாரம் முழுக்க பொய்தான் சொன்னேன் கண்ணு. என் பொண்ணோட கை போச்சு, அதுவும் என் கையாலயே போச்சுன்னு தலை கழுவற தண்ணியோட தண்ணியா அழுதேன்.

வியாழக்கிழமை அவனே போன் பண்ணி, மதாம் உடனே வாங்கன்னான். ஒரு மணப்பொண்ணை நாற்காலியில பாதியில விட்டுட்டு ஓடினேன், நாஹித்தான் மீதியை முடிச்சா, அந்தக் கொண்டையைப் பத்தி இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க. போய்ப் பார்த்தா வஜீஹ் தன்னோட இடது மணிக்கட்டுல ஒரு மர ஸ்கேலை வெச்சுத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். மணிக்கட்டை மடக்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு, அதான் மடங்காத மாதிரி கட்டிக்கிட்டேன்னான். முதல்ல கடையில இருக்கற வேற கிட்டாரை எடுத்தான், ஒரு வரி முடியறதுக்குள்ள ஸ்கேல் இடிச்சு விரல் நழுவிடுச்சு. இன்னொண்ணு எடுத்தான், அதுவும் அப்படியே. அப்புறம் புதுசா கம்பி கட்டி வெச்சிருந்த உன்னோடதை எடுத்தான். கட்டை விரலை என்னை மாதிரி ஓரத்துல படுக்க வெச்சுக்கிட்டு, உன் பாட்டுல நீ தனியா வாசிக்கற இடம் இருக்கே, நான் ட்ரையரை நிறுத்தற இடம், அதை ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் வாசிச்சான்டி. ஸ்கேல் அசையலை. என்னோட கை பெரிசு, எனக்கே இப்படின்னா அவளுக்கு எப்படி இருக்கும்னு சொல்லிட்டு அந்த சிடுமூஞ்சி சிரிச்சான்! நான் அவன் தாடியைப் பிடிச்சு இழுத்து நெத்தியில முத்தம் குடுத்துட்டேன், உங்கப்பாகிட்ட சொல்லாதே.

இப்ப அது நம்ம வீட்டுல உன் கட்டில்மேல படுத்திருக்கு. கம்பி கட்டின ஏழாம் நாள் நான் சும்மா விடுவேனா? பிறந்த குழந்தைக்குச் செய்யற மாதிரியே செஞ்சோம். குழந்தையைச் சல்லடையில கிடத்துவோம், இதுக்கு அவ்வளவு பெரிய சல்லடைக்கு எங்க போறது, நாஹித் வீட்டு ரொட்டி காய வைக்கற தட்டுல கிடத்தி, உப்பு தூவி, மெழுகுவத்தி ஏத்தி, நான் பித்தளை உரலை எடுத்து டங்கு டங்குன்னு அதுக்குப் பக்கத்துல இடிச்சேன். வஜீஹ் அய்யோ மதாம் உப்பு கம்பியில படும்னு பதறினான். குழந்தைன்னா அம்மா சொல்றதைக் கேளு, அப்பா சொல்றதைக் கேக்காதேன்னு காதுல கத்துவோமே, அதைக் கத்தினதும் உங்கப்பா கோவிச்சுக்கிட்டாரு. அப்புறம் எல்லாரும் நான் பங்கு வெச்ச பருப்பு, மிட்டாயை வாங்கறதுல மும்முரமா இருக்கறப்ப நான் குனிஞ்சு அதுக்கு மட்டும் கேக்கற மாதிரி, உன் அம்மா ரோட்டர்டாம்ல இருக்கா, அவ கையை நோக வைக்காதேன்னு சொன்னேன்.

அப்பாவோட வேலை பார்த்த சுலைமானோட மகன் கப்பல்ல அதிகாரி, அவன்தான் தன் அறையில வெச்சு உன்கிட்ட கொண்டு வந்து தருவான். சரக்குக் கிடங்குல போடமாட்டேன்னு என் முன்னாடி சத்தியம் பண்ணியிருக்கான். அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்பு, வெறும் ரொட்டியும் சீஸும் வெச்சு என் மானத்தை வாங்காதே. பெட்டியோட பக்கப் பையில காய வெச்ச முலுக்கியாக் கீரையும் ஒரு பொட்டலம் டுக்காப் பொடியும் இருக்கு, அது வஜீஹ்க்குத் தெரியாது, முதல்ல அதை வெளிய எடு. வேளைக்குச் சாப்பிடு, கம்பளிக் கையுறை போடு, வலிச்சா வலிக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லு, இனிமே மறைச்சா நேரா கிளம்பி வந்துடுவேன்.

இப்ப எடுக்கலாம். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த மாதிரி பிடிக்காதே. லீவு நாள்ல கடைக்கு வந்து எனக்கு ஒத்தாசையா ட்ரையர் பிடிப்பியே, அப்படிப் பிடி, கட்டை விரல் தானா போய் உக்காரும். உக்காரலைன்னா அது உன் கையோட குறை இல்லை, என் கையோட குறை, நான் வேற மரத்தோட திரும்ப முக்காலியில போய் உக்காருவேன். சேர்ந்துடுச்சுன்னா ஒரு போன் பண்ணு. நான் ஹலோ சொன்னா நீ ஒண்ணும் பேச வேண்டாம், அந்த அஞ்சாவது கம்பியை ஒரே ஒரு தடவை தட்டு. கப்பல் சேர்ற நாள்லேருந்து என் கடையில எந்த ட்ரையரும் ஓடாது, எல்லாரும் ஈரத் தலையோடதான் வீட்டுக்குப் போவாங்க.

அல்லாஹ் உன் கையை உனக்கு விட்டு வைக்கட்டும், உன்னை எங்களுக்கு விட்டு வைக்கட்டும்.

உன் போன் மணிக்காகக் காத்துக்கிட்டிருக்கற
உன் அம்மா,
இன்ஷிராஹ்